சைக்கிள் கடைக்கு எதிர்மதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுவாசல் படலை எப்போது வெட்டு வாங்கியது என்பதைத் துருவைப் பார்த்தே சொல்லிவிடலாம். தகரத்தில் வாள்வெட்டுக் கும்பலின் வாள் இறங்கிய கோடு முதலில் வெள்ளியாக மினுங்கும். ஒரு மழை பட்டால் செம்மஞ்சளாகும். மாரிக்காலம் கழிந்தால் கறுத்து, பெயின்ற் உரிந்த இடம்போல ஆகிவிடும். காலையில் நடக்கத் தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது படலைகளைத்தான். வெள்ளிக் கோடு கண்ட தெருவிலோ ஒழுங்கையிலோ அன்று வேலை கேட்பதில்லை. வீட்டுக்காரர் வெளியே வரமாட்டார். வந்தாலும் பின்னால் ஒருவர் அலவாங்குக் கம்பியோடு நிற்பார்.

என் வேலை மதில்களோடு. சுண்ணாம்பு அடிப்பேன், பெயின்ற் பூசுவேன், கடைப் பலகையில் உதிர்ந்த எழுத்தை நிரப்புவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஷெல் விழுந்ததால் நின்றது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. பிறந்தது கோப்பாய். வீட்டில் இருந்தவர்களில் சிலர் இடம்பெயர்ந்த வழியில் செத்தார்கள், மிச்சப்பேர் வன்னியில். அதன் பிறகு ஒரே இடத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருக்க எனக்குக் கால் விடுவதில்லை. காங்கேசன்துறையில் இடிந்த கட்டடங்களின் கல் சுமந்தேன். தோட்டங்களில் வெங்காயம் கிண்டினேன். கோயில் மடத்திலும் மாதா கோவில் விறாந்தையிலும் படுத்திருக்கிறேன். இரண்டிலும் கடிக்கிற நுளம்பு ஒன்றுதான்.

மதில் பார்ப்பது பிழைப்புக்காக மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் பெடியள் கூட்டம் கூட்டமாக இறங்கி நகரத்து மதில்களில் படம் கீறினார்கள். பனை, துலா, கொக்கு, கடலில் தோணி, தவில் அடிக்கிறவர். கீறினவர்களில் பாதிப்பேர் இப்போது வெளிநாட்டில். படங்கள் வெயிலில் நிற்கின்றன. ஒரு மதிலில் சண்டைக்காலத்தில் சன்னம் துளைத்த ஓட்டைகளை மூடாமல், ஒவ்வொன்றையும் நடுவாக வைத்துச் செவ்வரத்தம் பூக் கீறியிருக்கிறான் ஒருவன். பூக்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. ஏன் என்று பார்க்கிறவனுக்கு விளங்கும். இன்னொரு மதிலில் குப்பை கொட்டாமலிருக்கப் பிள்ளையாரைக் கீறினார்கள். இப்போது பிள்ளையாருக்கு முன்னால் குப்பை கிடக்கிறது. எல்லாப் படத்துக்கும் மேலே ரியூசன் விளம்பரம், அதற்கு மேலே கண்ணீர் அஞ்சலி. செத்தவரின் முகம், மலர்வு என்று பிறந்த நாள், உதிர்வு என்று செத்த நாள், கீழே உற்றார் உறவினருக்கு அறிவித்தல். பசைக்காக ஆடுகள் அவற்றைக் கிழித்துத் தின்னும். ஒரு ஆட்டின் வாயில் பாதி முகம் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

குருநகருக்குப் போகும் பக்கம், ஒழுங்கை முகப்பில் ஒரு சைக்கிள் கடை. அதற்கு எதிரே நீண்ட மதில். அதில் குதிரையேறிய ஓர் அரசன் வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். நல்ல கை கீறிய படம். குதிரையின் கழுத்து நரம்பு கூடத் தெரியும். எந்த வேலையிலும் மீந்த பெயின்றைச் சின்ன ரின்னில் அடைத்துக் கொண்டுபோய் அந்த அரசனைத் திருத்துவேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

சைக்கிள்காரருக்கு நாற்பது வயதிருக்கும். பண்டத்தரிப்பில் தோட்டக்காரக் குடும்பம், சைவம். குருநகரில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்க வீட்டில் கலியாணம் கட்டினார். அன்றோடு அவருடைய ஆட்கள் பேச்சை விட்டார்கள். மனைவியின் சகோதரர்கள் பிரான்சில். மாமனார் கடலில். கடையில் அவரும், மத்தியானம் சோறு கொண்டுவரும் மனைவியும், வாசல் வாங்கிலில் குந்தியிருக்கும் நானும்.

ஒருநாள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டே சொன்னார்: "ஊரிலை இருக்கிற அண்ணை என்னோடை கதைச்சுப் பன்ரண்டு வருசம். செத்தால் மட்டும் வருவார்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை ஆக்கள் அப்பிடித்தான். கலியாணத்துக்குப் படியேறாத ஆள் செத்தவீட்டிலை முன்னுக்கு நிண்டு பாடை கட்டும். கோபம் எல்லாம் மற்றதுகளுக்குத்தான். செத்தவீட்டுக்குக் கோபம் இல்லை." குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார். "உங்களுக்கு ஆர் வருவினம்?"

"எனக்கு ஆர் இருக்கினம்? இந்த ஆடு வரும்."

"அது பசை எண்டு நினைச்சு வரும்," என்றார்.

வெட்டு நடந்தது ஒரு பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்ச நேரத்தில். நான் மதிலடியில் குதிரையின் குளம்புக்குக் கறுப்பு வைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இலக்கத்தகட்டில் சேறு பூசியிருந்தது. வந்தவர்கள் முகத்தில் கறுப்புத் துணி. சைக்கிள் கடையை அடுத்திருந்த போன் கடைக்குள் இறங்கினார்கள். கண்ணாடி உடைகிற சத்தம் முதலில் வந்தது, அலறல் பிறகு. போன் கடைக்காரப் பெடியன் முதுகு பிளந்தபடி சைக்கிள் கடைக்குள் ஓடி வந்தான். பின்னால் ஒருவன் வாளோடு வந்தான். என்ன பகை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெண் விசயம் என்றார்கள், தூள் விசயம் என்றார்கள்.

சைக்கிள்காரர் காற்றடிக்கிற பம்பைத் தூக்கினார். வாள் பம்பில் பட்டு வழுக்கி அவருடைய வலக்கையில் இறங்கி இரண்டு விரலை எடுத்தது. அவர் கையை இழுக்காமல் மற்றக் கையால் அவனுடைய முகத்துணியைப் பிடித்து இழுத்தார். துணி கழன்று வந்தது. மீசை அரும்பிய முகம், நெற்றியில் விபூதி, மேலுதடு ஒரு பக்கம் பழைய தையலால் இழுபட்டிருந்தது. அவன் திரும்பி மோட்டார் சைக்கிளுக்கு ஓடியபோது அந்த முகம் எனக்கு ஒரு முழத்துக்குள் வந்தது. கையிலிருந்த கறுப்பு ரின்னை எறிந்தேன். அவனில் படவில்லை. பின்னால் ஏறியவனின் முதுகில் வடிந்தது. போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் அரசன் வாளை ஓங்கியபடியே நின்றான்.

வாங்கிலுக்குக் கீழே ஒரு விரலைக் கண்டெடுத்தேன். சோடாக் கடையில் ஐஸ் வாங்கிப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தேன். மற்ற விரலைத் தேடினோம், கிடைக்கவில்லை. கிடைத்த விரலும் ஆஸ்பத்திரியில் பொருந்தவில்லை.

வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்: "நிரந்தர விலாசம்?"

"இல்லை ஐயா."

"அப்ப எங்கை படுக்கிறனீர்?"

"மழை இல்லாட்டி எங்கையும்."

பேனையை மூடிவிட்டார். போன் கடைக்காரன் ஆஸ்பத்திரியிலேயே தான் ஒன்றையும் காணவில்லை என்று சொல்லி, முதுகு ஆறினதும் கொழும்புக்குப் போய்விட்டான். முகத்தைக் கண்டேன், கண்டால் காட்டுவேன் என்று சொன்னவர் சைக்கிள்காரர் மட்டும்தான். மூன்று விரலோடு கடையைத் திறந்தார். ஆணி இறுக்கும்போது ஸ்பானர் சாவி வழுக்கும். வழுக்கினால் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு திரும்ப இறுக்குவார்.

அவர்கள் வரத் தொடங்கினார்கள். பகலில்தான். கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டு, போய்விடுவார்கள். ஒருநாள் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு வரும்போது காலுக்குக் கிட்ட உரசிக்கொண்டு போனார்கள். பாத்திரம் தெருவோரக் கானுக்குள் விழுந்தது.

அவ அழவில்லை. "காணேல்லை எண்டு எழுதிக் குடுங்கோ," என்றா. "இரண்டு விரலோடை விட்டதுக்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவம்."

"கண்டதை எப்பிடிக் காணேல்லை எண்டு சொல்லுறது?"

"எல்லாரும் சொல்லுற மாதிரித்தான்."

அவர் கானுக்குள் இறங்கிப் பாத்திரத்தை எடுத்தார். இந்த ஒரு விசயம்தான் அந்த வீட்டில் இரவும் பகலும் கிடந்தது. அவர் போய் முகத்தைக் காட்டுவாரா, அதுவரைக்கும் உயிரோடு இருப்பாரா.

பிறகு ஒரு காலை நான் வரும்போது அரசனின் குதிரைக்கு முகம் இல்லை. அந்த இடத்தில் சைக்கிள்காரரின் முகம் இருந்தது. கண்ணீர் அஞ்சலி. படத்தை எங்கேயோ பேஸ்புக்கில் எடுத்திருக்கிறார்கள். சிரித்தபடி, பட்டுச் சேட்டோடு. பெயர் சரி. மலர்வு சரி. உதிர்வுக்கு நேரே வெறுமை.

கடைக்குள் அவர் ரிம்மில் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"அண்ணை, உந்தத் துண்டை மறைச்சுப் பூசி விடுங்கோ," என்றா மனைவி. செய்தி கேட்டு அன்று காலையிலேயே ஓடி வந்திருந்தா.

"விடுங்கோ, கிடக்கட்டும்," என்றார் அவர். "நல்ல படம். கலியாணத்திலை எடுத்தது."

நான் கிட்டப் போய் முழுவதையும் வாசித்தேன். வாசிப்பதில் நான் மெதுவு. இப்படியொன்றைப் புதிதாக எழுத அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த யாரோ ஒருவரின் அறிவித்தலை அப்படியே பார்த்து அடித்திருக்கிறார்கள். அதில் இருந்தது எல்லாம் இதிலும் இருந்தது. அன்னாரின் இறுதிக்கிரியை இன்று பிற்பகல் அன்னாரின் இல்லத்தில் நடைபெறும். கடைக்குப் பின்னால் அவருடைய வீடு இருந்த ஒழுங்கையின் பெயர் கூடப் போட்டிருந்தார்கள். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

இதை இங்கே மட்டும் ஒட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். பயம் காட்டுகிறவர்களுக்கு அளவு தெரிவதில்லை. அவருடைய சொந்த ஊரிலும் போய், பண்டத்தரிப்புச் சந்தியில் ஒட்டியிருக்கிறார்கள். பால் கொண்டுபோன ஒருவர் பார்த்தார். அவர் அதைப் போனில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். கனடாவிலிருந்து அது ஊருக்கே திரும்பி வந்தது. எல்லாரும் எல்லாரோடும் கதைத்திருக்கிறார்கள், சைக்கிள்காரரோடு மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை. செத்தவனுக்கு யார் போன் எடுப்பார்கள்?

வெயில் ஏறும் நேரம் முதலில் வந்தது லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரப் பெட்டியில் பந்தல்காரன். கம்பியும், இருக்கக் கதிரையும், மேலே கட்டத் தறப்பாளும் இறக்கினான்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"தமையன்காரன் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை இருந்து பொடி எப்ப வரும்?"

பொடி கடைக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. பந்தல்காரன் மதிலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கதிரையை இறக்கினபடியே இருந்தான். பஸ் வந்து நின்றது. பண்டத்தரிப்பிலிருந்து பிடித்த தனி பஸ். பெண்கள் இறங்கும்போதே கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார்கள். தோட்டக்கார ஆண்கள் வெள்ளை வேட்டி, தோளில் துவாய், வெறும் மேல். எல்லாருக்கும் முன்னால் தமையன். அறுபது வயதிருக்கும், மண்வெட்டி பிடித்துத் தோள் ஒரு பக்கம் சரிந்த ஆள். அவர் நேரே மதிலுக்குப் போனார். அந்தப் படத்தில் கையை வைத்து நெற்றியை முட்டினார். சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"அண்ணை," என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினார். தம்பி ஸ்பானர் சாவியோடு நின்றார். தமையன் கிட்ட வந்தார். பிறகு கையை ஓங்கி அறைந்தார். சைக்கிள்காரர் வாங்கிலில் போய் விழுந்தார்.

"செத்திட்டாயெண்டு ஊரைத் திரட்டிக்கொண்டு வாறன், நீ இருந்து ரியூப் ஒட்டுறாய்."

"நான் ஒட்டேல்லை, அண்ணை. அவங்கள் ஒட்டினது."

"எது?"

"உதுதான்," என்று மதிலைக் காட்டினார். காட்டிய கையில் இரண்டு விரல் இல்லாததைத் தமையன் அப்போதுதான் கண்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா ஒப்பாரியை நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தா.

"அக்கா, ஆள் உயிரோடை இருக்கு," என்று யாரோ சொன்னார்கள்.

"தெரியும். ஒப்பாரி எடுத்தபடியாலை முடிச்சுப்போட்டு விடுறன்," என்றா.

சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடம் பார்க்காத மருமகளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவவுக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. தேத்தண்ணி போட ஓடினா. கதிரைகளில் எல்லாரும் இருந்தார்கள். நடந்தது முழுவதையும் சைக்கிள்காரர் சொன்னார். சிரித்தவர்கள் கேட்கக் கேட்க வாய் மூடினார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒட்டினது என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். பந்தலையும் வெள்ளை வேட்டிகளையும் கண்டு வேறு யாருக்கோ செத்தவீடு என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு மெல்ல ஓட்டி வந்தார்கள். எஞ்சினை உறுமவிட்டார்கள். ஒருவரும் எழும்பி ஓடவில்லை. எல்லாரும் எழும்பி முன்னால் வந்தார்கள்.

முன்னால் இருந்தவன் சட்டைக்குள் இருந்து வாளை உருவினான். மச்சான் முறையான ஒரு தோட்டக்காரரின் தோளில் முதல் வெட்டு விழுந்தது. வேட்டி நிறம் மாறியது. நான் அவரைத் தாங்கிப் பிடித்து ஒழுங்கைக்குள் இழுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் கதிரைகள் பறக்கிற சத்தம், இரும்பு தகரத்தில் விழுகிற சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து சக்கரம் வெறுமனே சுற்றுகிற சத்தம். ஒழுங்கைக்குள் நின்ற ஓட்டோவில் அவரை ஏற்றி, துவாயால் தோளை அமத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதனால் பிறகு நடந்ததை நான் காணவில்லை. இது பிறகு முக்கியமானது.

நடந்ததைச் சைக்கிள்காரரின் மனைவி எனக்குச் சொன்னா. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளுக்குக் கீழே கால் அகப்பட்டு விழுந்தான். முகத்துணி இல்லை, தையல் போட்ட உதடு. தோட்டக்காரர்கள் அவனை மதிலோடு போட்டு அடித்தார்கள். கதிரைக் காலால், பந்தல் கம்பியால், வெறும் கையால். தமையன் அவனுடைய தலைமயிரைப் பிடித்து அரசனின் குதிரையில் மோதினார். அங்கே அப்பின இரத்தத்தைப் பிறகு நான்தான் சுரண்டினேன். செங்கல்நிறமாகக் காய்ந்திருந்தது. சைக்கிள்காரர் கூட்டத்துக்குள் விழுந்து அவனுக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டாராம். அடி அவருடைய முதுகிலும் விழுந்தது.

"முகத்திலை அடியாதையுங்கோ," என்று கத்தியிருக்கிறார். "முகத்தை விடுங்கோ. எனக்கு அந்த முகம் வேணும்."

அவர் எதற்குச் சொன்னார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லையாம். விளங்கியபோது பொலிஸ் வந்துவிட்டது.

அவனை ஆஸ்பத்திரிக்கும், தமையனையும் இன்னும் சிலரையும் பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுபோனார்கள். தமையன் இரண்டு கிழமை விளக்கமறியல் சிறையில் இருந்தார். அங்கே அவனும் வந்தான். ஒரே வரிசையில் நின்று காலைச் சாப்பாட்டுப் பாணை வாங்கியதாகத் தமையன் சொன்னார். "பெடியன் என்னைக் கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிண்டவன். நானும் தள்ளித்தான் நிண்டனான்."

சைக்கிள்காரர் அடையாள அணிவகுப்புக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். பொலிஸ்காரர் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அவனை ஊருக்கு முன்னாலை பிடிச்சு அடிச்சிருக்கிறியள். அவனுக்கு மேலை படுத்திருக்கிறியள். இனி வரிசையிலை நிற்பாட்டி நீங்கள் தொட்டால், அண்டைக்கு வெட்டினவனையோ அடி வாங்கினவனையோ தொடுறியள் எண்டு அவன்ரை சட்டத்தரணி கேப்பார். கேட்டால் என்ன சொல்லுவியள்?"

சைக்கிள்காரர் மூன்று விரலையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காக வந்தவர்களே அவர் சொல்ல வைத்திருந்ததைப் பறித்துவிட்டார்கள். வெட்டு விழுந்ததை விட அன்றைக்குத்தான் அவர் உடைந்ததைப் பார்த்தேன்.

"வெட்டின அண்டைக்குக் கண்டு, அடிச்ச அண்டைக்குக் காணாத ஆள் வேணும்," என்றார் பொலிஸ்காரர்.

"அப்பிடி ஆள் இருக்கு," என்றார் சைக்கிள்காரர். என்னைப் பார்க்கவில்லை.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். "உமக்கு விலாசம் இல்லையே."

"என்ரை கடை விலாசத்தைப் போடுங்கோ. அங்கைதான் இருக்கிறார்," என்றார் அவர்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றோம். "அண்ணை, நீங்கள் ஓம் எண்டு சொல்லேல்லை," என்றார்.

"நீர் கேக்கவுமில்லை."

"இப்ப கேக்கிறன்."

அந்த மாரியோடு முல்லைத்தீவுப் பக்கம் போவதாக இருந்தேன். அங்கே ஒரு கோயில் மதில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். "வழக்கு எவ்வளவு காலம் இழுபடும்?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்ப வாங்கிலிலை படுக்கேலாது. உள்ளுக்கு ஒரு பாய் போடும்," என்றேன்.

அணிவகுப்பு அன்று நீதவானுக்கு முன்னால் பெடியள் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் ஒரே வயது, ஒரே உயரம். வீக்கம் வடிந்து அவனுடைய முகம் கொஞ்சம் கோணலாகியிருந்தது. ஆனால் உதடு அதே உதடு. அவன் நேரே என்னைப் பார்த்தான்.   தோளில் கையை வைத்தேன். சுடுசட்டிபோலச் சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்த கிழமை சைக்கிள்காரரின் மனைவி சோற்றைத் தந்துவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றா. அஞ்சலித் துண்டு கிழிந்து, குதிரைக்கு நான் புது முகம் வைத்திருந்தேன்.

"அண்ணை, அந்த வாளை அழிச்சு விடுங்கோ. நெடுக அதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது."

நல்ல வாள். கீறினவன் கூர்ப்பக்கத்தில் வெயில் மினுங்குவதைக் கூட வைத்திருந்தான். வான்நிறத்தைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினேன். வாள் போய்விட்டது, ஓங்கிய கை மட்டும் மிஞ்சியது. அதை மடக்கிக் கீற எனக்கு வராது. மூன்றாம் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், ராசா பஸ் மறிக்கிறார் என்று. இப்போது கண்டக்டர்மாரும் அந்த இடத்தில் இறங்குகிறவர்களை "பஸ் மறிக்கிற ராசா இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கைக்குக் கீழேதான் போன கிழமை என் முகத்தை ஒட்டினார்கள்.

காலையில் கடை திறக்க முதல் சைக்கிள்காரர் கண்டு என்னை எழுப்பினார். போய்ப் பார்த்தேன். ஏணியில் நிற்கும்போது யாரோ கீழே இருந்து எடுத்த படம். வாய் திறந்திருக்கிறது. என் பெயர் அவர்களுக்குத் தெரியாததால் பெயின்ற்காரன் என்று போட்டிருந்தார்கள். மலர்வும் வெறுமை, உதிர்வும் வெறுமை. இந்த முறை ஆட்கள் பாடம் படித்திருந்தார்கள். கிரியை எப்போது, எங்கே என்பது இல்லை. உற்றார் உறவினர் என்ற வரியை எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அது தேவையுமில்லைத்தான்.

சைக்கிள்காரர் சுரண்டி எடுக்கப் போனார். "ஆடு பாத்துக்கொள்ளும்," என்றேன். ஆனாலும் ஒழுங்கை முகப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் கை தானாகவே பக்கத்தில் கிடக்கும் இரும்பைத் தேடியது. அடுத்த நாள் வழக்குக்குத் தவணை. பஸ் நிலையத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நான் அறிவேன். முல்லைத்தீவு பஸ் எங்கே நிற்கும் என்பதையும் அறிவேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் நின்றது. தமையன் இறங்கினார். பிணையில் இருக்கிற ஆள், வெள்ளை வேட்டி, வெறும் மேல், தோளில் துவாய். துவாய்க்குள் சுற்றியிருந்தது ஒரு மண்வெட்டிப் பிடி. என்னைக் கண்டும் காணாததுபோல மதிலுக்குப் போய் முழுவதையும் வாசித்தார். பிறகு திரும்பினார்.

"படம் சரியில்லை," என்றார்.

"ஓம் அண்ணை. நான் சாகேல்லை."

"தெரியும். தம்பி போனிலை சொன்னவன்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவர் கடை வாங்கிலில் இருந்துகொண்டு, துவாயை அவிழ்த்துப் பிடியை மடியில் குறுக்கே வைத்தார். எதிர்மதிலில் ராசா பஸ் மறித்துக்கொண்டு நின்றார்.

"கோட்டுத் தவணை எப்ப?"

"நாளைக்குக் காலமை."

"தேத்தண்ணி போடச் சொல்லு," என்று தம்பியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "நான் நாளைக்கு உங்களோடை வந்திட்டுத்தான் போவன். செத்தவீட்டுக்கு வந்த ஆள் உடனை எழும்பிப் போறேல்லை."